பொம்மைக்கு ஹவுஸ்கோட்

எங்கள் பயிற்சிக்கூடத்துப் பொம்மைக்குக் கையும் இல்லை, காலும் இல்லை. கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும் ஓர் ஆண் உடம்பு. மேலே மெத்தென்ற ரப்பர் தோல், உள்ளே முன்னும் பின்னும் மூச்சுச் சத்தமும் இதயச் சத்தமும் போடும் சின்னச் சின்ன ஸ்பீக்கர்கள். என் கையில் ஒரு டெப்லெட் கணினி. அதில் எந்த நோயைத் தொடுகிறேனோ அந்த நோய் வந்துவிடும், அடுத்ததைத் தொட்டால் முதலாவது போய்விடும். இத்தனை வருட ஆஸ்பத்திரி வாட் சேவையில் இவ்வளவு சுருக்காகச் சுகம் வந்த ஒருவரையும் நான் கண்டதில்லை.

தாதியர் பயிற்சிக்கு வருகிற பிள்ளைகள் அந்தப் பட்டியலைப் பார்த்ததும் ஒரே கேள்விதான். “மிஸ், மர்மர் போடுங்க.” இதயத்தில் இரைச்சல் கேட்பதுதான் பெரிய வித்தை என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நான் போடமாட்டேன். முதல் வகுப்பு முழுக்க இயல்பான மூச்சு, இயல்பான இதயம். சலிப்பார்கள், கொட்டாவி விடுவார்கள், பரவாயில்லை. நல்ல நெஞ்சை நாள்கணக்கில் கேட்காத காதுக்குக் கெட்ட நெஞ்சு பிடிபடாது.

இயல்பு என்றாலும் அதற்குள் எவ்வளவோ இருக்கிறது. நுரையீரலின் மேல் ஸ்டெத்தை, அதாவது ஸ்டெதஸ்கோப்பை, வைத்தால் மூச்சு உள்ளே போவது நீளமாகவும் தெளிவாகவும், வெளியே வருவது குறுகி மெல்லியதாகவும் கேட்கும். அதே ஸ்டெத்தைத் தொண்டைக் குழிக்கு மேலே மூச்சுக்குழாயில் வையுங்கள். கரகரப்பாக, உள்மூச்சுக்கும் வெளிமூச்சுக்கும் நடுவில் ஓர் இடைவெளியோடு, வெளிமூச்சு இன்னும் நீண்டு கேட்கும். அந்த இடத்தில் அது சரியான சத்தம். இதே சத்தத்தை முதுகின் அடிப்பக்கம் கேட்டால் அங்கே நியூமோனியா இருக்கலாம், சளி கட்டி நுரையீரல் இறுகிப் போயிருக்கலாம். சத்தம் ஒன்றுதான், இருக்கிற இடம் பிழை. பொம்மையை நான் அதிகம் நம்புவது இந்தப் பாடத்துக்குத்தான். மாறி மாறி எத்தனை தடவை கேட்டாலும் அது களைக்காது. வாட்டில் மூச்சு வாங்குகிற ஒரு கிழவரை நிமிர்த்தி இருத்தி, பத்துப் பிள்ளைகளைக் கேட்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

அடுத்தது வலம், இடம். மேலிருந்து கீழே, ஒவ்வொரு மட்டத்திலும் இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இது பழகியதும் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் வலப்பக்க அடியில் மட்டும் சத்தத்தை நிறுத்திவிடுவேன். புத்தளத்துப் பிள்ளை ஒருத்தி இரண்டு மூன்று முறை வைத்து வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “மிஸ், இதில ஸ்பீக்கர் பழுதாப் போயிட்டுப் போல. சத்தமே வருதில்ல.” மற்றவர்களும் தலையாட்டினார்கள். ஒருத்தி பட்டரியைப் பார்க்கப் போய்விட்டாள்.

கொழும்பில் வேலை செய்யப் போகிற நேர்ஸுக்கு அந்த ‘வருதில்ல’ எவ்வளவு முக்கியம் என்று அதற்குப் பிறகுதான் சொல்லுவேன். டெங்கு இரத்தப்பெருக்குக் காய்ச்சலில் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து நெஞ்சுக் கூட்டுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் தேங்கும். நெஞ்சில் பெரும்பாலும் வலப்பக்கம்தான். நீர் தேங்கிய இடத்தில் மூச்சுச் சத்தம் குறையும், அல்லது இல்லாமலே போகும். விரலால் தட்டினால் மந்தமாக ஒலிக்கும். கசிவு நடக்கிற அந்த 24 தொடக்கம் 48 மணித்தியாலம் அநேகமாகக் காய்ச்சல் இறங்குகிற நேரத்தில்தான் தொடங்கும். அப்போதுதான் வீட்டுக்காரர், “காய்ச்சல் விட்டுட்டுது, எப்ப துண்டு வெட்டுவீங்கள்?” என்று, வீட்டுக்கு விடச் சொல்லிக் கேட்டுக்கொண்டு நிற்பார்கள். 2017-ல் இலங்கை முழுவதும் 1,86,000-க்கு மேற்பட்ட டெங்கு நோயாளர்கள் பதிவானார்கள். அந்த வருடம் இரவு வேலை செய்த எவருக்கும் நான் விளக்கத் தேவையில்லை. பொம்மையின் பட்டியலில் டெங்கு என்று ஒன்று கிடையாது. செய்தவர்கள் எங்களை நினைத்துச் செய்யவில்லை. வலது அடியை அடைத்துவிட்டு நானே உண்டாக்கிக்கொள்கிறேன்.

தொய்வுக்காரரிலும் (ஆஸ்துமா) இதே கதை. விசில் மாதிரி இழுப்புக் கேட்கும்வரை காற்று போய்வருகிறது என்று அர்த்தம். இழுப்பு நின்று நெஞ்சு அமைதியாகிவிட்டது, ஆனால் ஆள் இன்னும் பேச முடியாமல் தவிக்கிறார் என்றால் அது சுகம் இல்லை, ஓடிப்போய் டொக்டரைக் கூப்பிட வேண்டிய நிலை. மருந்தைப் புகையாக்கிக் கொடுக்கும் நெபுலைசருக்கு முன்னும் பின்னும் கேட்டு இரண்டையும் எழுதச் சொல்வது இதற்காகத்தான்.

இனி ஹவுஸ்கோட் விஷயம், பெண்கள் வீட்டில் போடும் அந்த நீள உடுப்பு. பொம்மைக்கு ஆண் நெஞ்சு, வெறும் மேல், ஒரு மயிர் இல்லை. அதில் பழகிய பிள்ளை வாட்டில் ஒரு அம்மாவின் முன்னால் போய் நின்றால் கை எங்கே போவது என்று தெரியாமல் முழிக்கிறது. இதய நுனியின் இடம் இடப்பக்கம் ஐந்தாவது விலா இடுக்கு என்று வாய் சொல்லும்; மார்பை மெதுவாக உயர்த்தி அந்த இடத்துக்குப் போகக் கை கூசும். கடைசியில் துணிக்கு மேலேயே வைத்துவிட்டு வந்துவிடும். ஸ்டெதஸ்கோப் பிறந்ததே இந்தக் கூச்சத்தில்தான். 1816-ல் பரிஸில் லென்னெக் என்ற டொக்டர், ஒரு இளம் பெண்ணின் நெஞ்சில் காதை வைக்கக் கூச்சப்பட்டுக் கடதாசியைச் சுருட்டிக் குழாயாக்கிக் கேட்டார். இருநூறு வருடம் கழிந்தும் கூச்சம் போகவில்லை, குழாய் மட்டும் திருந்தியிருக்கிறது.

ஆகவே புறக்கோட்டையில் முன்பக்கம் பட்டன் வைத்த ஒரு பருத்தி ஹவுஸ்கோட் வாங்கிப் பொம்மைக்குப் போட்டேன். பூப்போட்டது. பிள்ளைகள் சிரித்தார்கள், சிரிக்கட்டும். இப்போது அனுமதி கேட்காமல் யாரும் பட்டனில் கை வைக்கக் கூடாது. “அம்மா, நெஞ்சில ஸ்டெத் வைக்கப் போறன், சரியோ?” என்று பொம்மையிடம் கேட்க வேண்டும். சிங்களத்தில் “ஹுஸ்ம கன்ன” என்று மூச்சை இழுக்கச் சொல்லவும் பழக வேண்டும். எங்கள் வாட்களில் இரண்டு மொழியும் வேண்டும். ஏசியில் குளிர்ந்த ஸ்டெத்தை முதலில் உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்க வேண்டும். துணிக்கு மேல் வைத்த பிள்ளை, “மிஸ், கிரக்கிள்ஸ் கேக்குது!” என்றது. நோயுள்ள நுரையீரலின் அந்த நொறுநொறுச் சத்தத்தை நான் அன்று போடவே இல்லை. பருத்தித் துணி உரசினால் அப்படித்தான் கேட்கும், ஆண்களின் நெஞ்சு மயிர் உரசினாலும் அப்படித்தான். உண்மையான கிரக்கிள்ஸை அறிய உங்கள் காதோரத் தலைமயிரை இரண்டு விரலால் உருட்டிப் பாருங்கள்.

மர்மருக்குக் கடைசி வகுப்பில் கொஞ்ச நேரம் ஒதுக்குவேன், பிள்ளைகளின் முகத்துக்காக. இந்த வகைப் பொம்மைகளுக்கெல்லாம் மூத்தது ‘ஹார்வி’. மயாமி பல்கலைக்கழகத்தின் மைக்கேல் கோர்டன் 1968-ல் அறிமுகப்படுத்தி, தன் ஆசான் புரொக்டர் ஹார்வியின் பெயரையே அதற்கு வைத்தார். அதில் நாடியும் துடிக்கும். எங்களுடையதில் நாடி இல்லை. அதனால் இதயத்தின் ஒவ்வொரு துடிப்பிலும் வரும் இரண்டு சத்தங்களில் முதலாம் சத்தம் எது, இரண்டாம் சத்தம் எது என்று பிரிக்கப் பிள்ளைகள் ஒருவர் கழுத்து நாடியில் மற்றவர் விரல் வைத்துக்கொண்டு நெஞ்சைக் கேட்பார்கள். நாடியோடு சேர்ந்து வருவது முதலாவது. சில இதயங்களில் கூடுதலாக வரும் மூன்றாம், நான்காம் சத்தங்களுக்கு எனக்கு உதவியது பரதம் படித்த ஒரு பதுளைப் பிள்ளை. மேசையில் தட்டிக் காட்டினாள்: மூன்றாவது வந்தால் ‘தை – தக’, நான்காவது வந்தால் ‘தக – தை’. நான் எழுதிவைத்திருந்த விளக்கம் முழுவதையும் கிழித்துப் போட்டேன். ஆனால் இவை இரண்டும் அடித்தொண்டை மாதிரித் தாழ்ந்த சத்தங்கள், ஸ்டெத்தின் கிண்ணம் போன்ற ‘பெல்’ பக்கத்தை அழுத்தாமல் வைத்தால்தான் கேட்கும். போன் ஸ்பீக்கரில் யூடியூப் போட்டுத் தேடினால் கேட்கவே கேட்காது, ஹெட்போன் வேண்டும்.

மர்மரின் பெயரைச் சொல்லாவிட்டால் நான் புள்ளி குறைப்பதில்லை. நோயைக் கண்டுபிடிப்பது டொக்டரின் வேலை. செய்முறைப் பரீட்சையில் ஒவ்வொருவருக்கும் நோயாளியின் விபரம் எழுதும் பெட் ஹெட் டிக்கெட் தாள் ஒன்றை வெறுமையாகக் கொடுப்பேன். ‘நெஞ்சு கிளியர்’ என்று ஒற்றை வரி எழுதிக் கொடுத்தால் புள்ளி இல்லை. எந்தப் பக்கம், எந்த மட்டம், காலையில் கேட்டதுக்கும் இப்போதைக்கும் என்ன வித்தியாசம், எத்தனை மணிக்கு யாருக்குச் சொன்னது, இவ்வளவும் வேண்டும். போன முறை புத்தளத்துப் பிள்ளை எழுதியிருந்தது: “வலப்பக்கம் பின்னால் அடியில் மூச்சுச் சத்தம் இல்லை. காலையில் இருந்தது. பி.ப. 2.40-க்கு டொக்டருக்கு அறிவித்தேன்.” எழுதியதுக்கு முழுப் புள்ளி போட்டேன். ஹவுஸ்கோட்டின் பட்டன்களைத் திரும்பப் பூட்ட மறந்துவிட்டாள், அதற்கு மட்டும் ஒன்றைக் குறைத்தேன்.