குழந்தையையும் கூட்டிக்கொண்டு வரலாமா?

தன்னார்வலர்கள் தேவை என்று வருகிற அறிவிப்புகள் பலவற்றில் "குடும்பத்தோடு வாருங்கள்" என்று ஒரு வரி இருக்கும். நம்பி போன் போட்டு, பையனுக்கு நாலு வயசு, பொண்ணுக்கு ஏழு என்று சொன்னால், "அவ்வளவு சின்னப் பிள்ளைங்களா சார்..." என்று இழுப்பார்கள். அவர்கள் மனதில் இருக்கிற குடும்பத்தில் கடைக்குட்டியே கல்லூரிக்குப் போய்க்கொண்டிருக்கும் போல. அப்புறம் "பதினாறு ஆகட்டும், கூட்டிக்கிட்டு வாங்க" என்று அன்பாகவே வைத்துவிடுவார்கள்.

இதில் அவர்கள்மேல் வருத்தப்பட ஒன்றுமில்லை. குழந்தைக்கு ஏதாவது அடிபட்டால் பொறுப்பு யார் என்ற கேள்வி அவர்கள் தலைமேல் நிற்கிறது. பல அமைப்புகளின் காப்பீடு குறிப்பிட்ட வயதுக்குக் கீழே உள்ளவர்களைச் சேர்ப்பதில்லை. முதியவர்கள், நோயாளிகள், மற்ற குழந்தைகள் இருக்கிற இடம் என்றால் வருகிற பெரியவர்களின் பின்னணியையே விசாரித்துத்தான் உள்ளே விடுவார்கள். இதெல்லாம் போக, ஒருங்கிணைப்பாளர் பெரும்பாலும் ஒரே ஆள், கையில் ஒரு தாளோடு இருபது பேருக்கு வேலை பிரித்துக் கொடுத்துக்கொண்டிருப்பார், அவருக்கு நடுவில் ஒரு வாண்டு ஓடினால் அவருடைய அன்றைய நாள் போச்சு.

அதனால் "குழந்தைகளுக்கான தன்னார்வப் பணி" என்று தேடுவதையே நான் விட்டுவிட்டேன். அப்படித் தேடினால் கிடைப்பது முக்கால்வாசி, பெரியவர்கள் ஏற்பாடு செய்து, குழந்தைகள் சும்மா வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போகிற நிகழ்ச்சிகள்தான். அதற்குப் பதிலாக ஒரே ஒரு விஷயத்தைப் பார்க்கிறேன்: இந்த வேலையைப் பாதியில் போட்டுவிட்டுக் கிளம்பினால் யாருக்காவது கஷ்டம் வருமா? வராது என்றால் அது நமக்கான வேலை. வரும் என்றால் எவ்வளவு நல்ல காரியமாக இருந்தாலும் பிள்ளைகளோடு போகிற வேலை இல்லை. பசியோடு வரிசையில் நிற்பவர்களுக்குச் சாப்பாடு பரிமாறிக்கொண்டிருக்கும்போது சின்னவன் ஒண்ணுக்கு வருகிறது என்பான், வந்தால் வந்ததுதான், அவனைச் சொல்லிக் குற்றமில்லை, ஆனால் வரிசை நின்றுவிடும்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் முதலில் தேறுவது நாற்றங்கால் வேலை. மரம் நடுகிற அமைப்புகள் எல்லாருக்கும் நடுகிற நாளன்றுதான் கூட்டம் வரும். அதற்கு முந்தைய மாதங்களில் பைகளில் மண் நிரப்ப ஆள் கிடைக்காது. நாலு வயசுப் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான வேலை நான் பார்த்ததில்லை. கறுப்புப் பையின் வாயை நான் விரித்துப் பிடிக்க, அவன் ஒரு பழைய டப்பாவால் மண்ணை அள்ளிப் போடுவான், பாதி உள்ளே விழும், பாதி என் கால்மேல் விழும், ஒவ்வொரு தடவையும் "அப்பா, ரொம்பிடுச்சா?" என்று எட்டிப் பார்ப்பான். நிரம்பியதும் பையை லேசாகத் தரையில் தட்டினால் மண் கீழே இறங்கும், அதைக் கண்டுபிடித்த பிறகு தட்டுவதற்காகவே நிரப்ப ஆரம்பித்தான். அரை மணி நேரத்தில் அலுத்துப்போய் மண்புழு தேடக் கிளம்பிவிட்டான். நிரப்பிய பைகள் நிரப்பியவைதான், மிச்சத்தை இன்னொருவர் நிரப்புவார். பக்கத்தில் பெரியவள் விதை போட்ட பைகளுக்குக் குச்சியில் பெயர் எழுதிச் சொருகிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எழுத்து வேலை கொடுத்தால் போதும், ஒரு பெரிய ஆள் மாதிரி நடந்துகொள்வாள்.

குப்பை பொறுக்குகிற முகாம்கள் அடுத்தது. இங்கே எனக்குக் கொஞ்சம் பயம் உண்டு, கண்ணாடித் துண்டு, ஊசி, துருப்பிடித்த தகரம் எல்லாம் கிடக்கும். ஆனால் இந்த முகாம்களில் பலருக்குத் தெரியாத ஒரு வேலை இருக்கிறது: எண்ணி எழுதுவது. ஓஷன் கன்சர்வன்சி என்ற அமைப்பு 1986-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் கடற்கரையில் தொடங்கிய சர்வதேச கடற்கரைத் தூய்மைப் பணியில், ஆரம்பத்திலிருந்தே பொறுக்குவதோடு நிறுத்தாமல் என்னென்ன கிடைத்தது என்று அட்டையில் குறித்துக்கொள்கிறார்கள். பல ஆண்டுகளாக அந்தப் பட்டியலில் சிகரெட் துண்டுதான் முதலிடத்தில் இருந்தது என்று நமக்குத் தெரிவதே அப்படி யாரோ உட்கார்ந்து கோடு போட்டதால்தான். இப்போது அது உலகம் முழுக்க நடக்கிறது, பெரும்பாலும் செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமையையொட்டி. எண்ணத் தெரிந்த குழந்தையிடம் அட்டையையும் பென்சிலையும் கொடுத்து, நாம் பொறுக்குவதைச் சத்தமாகச் சொல்லச் சொல்ல அது நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே போடும். கை அழுக்காகாது, ஆபத்தும் கிட்டே வராது, ஒப்புக்குக் கொடுத்த வேலையும் இல்லை. சின்னதுக்கு ஒரே விதி வைக்கலாம்: பார்த்தால் கூப்பிடு, தொடாதே. கையுறை பெரியவர்கள் அளவில்தான் இருக்கும், பிள்ளை கைக்குப் போட்டால் தொளதொளவென்று தொங்கும், அதனால் வீட்டிலிருந்தே கொண்டுபோய்விடுங்கள்.

வெளியே போகவே முடியாத பருவமும் உண்டு. கைக்குழந்தையோடு இருப்பவர்கள் எங்கே கிளம்புவது? அவர்களுக்கு நான் சொல்வது பறவை கணக்கெடுப்பு. அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் என்ற பறவைப் பாதுகாப்பு அமைப்பும் சேர்ந்து 1998-ல் ஆரம்பித்த கிரேட் பேக்யார்டு பேர்டு கவுண்ட் என்ற கணக்கெடுப்பு, ஒவ்வொரு ஆண்டும் பிப்ரவரியில் நாலு நாள் நடக்கிறது, 2013-லிருந்து எந்த நாட்டிலிருந்தும் கலந்துகொள்ளலாம். குறைந்தது பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று என்ன பறவை எத்தனை என்று பார்த்து இ-பேர்டு மாதிரியான தளத்தில் பதிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான். ஜன்னல் ஓரமே போதும். பதினைந்து நிமிடம் என்பது ஒரு நாலு வயசுக்காரன் கழுத்தை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டிருக்கக்கூடிய நேரம். அதற்கு மேல் போனால் காக்காவுக்கும் அவனுக்கும் சண்டை வந்துவிடும்.

செடி, பூச்சியில் ஆர்வம் உள்ளவர்கள் என்றால், பார்த்ததைப் படம் எடுத்துப் பதிவு செய்கிற ஐநேச்சுரலிஸ்ட் என்ற தளம் இருக்கிறது. பதின்மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்கள் அதில் தாங்களே கணக்கு தொடங்க முடியாது, பெற்றோர் அனுமதி வேண்டும், இல்லையென்றால் நம் பெயரில் போடலாம். அவர்களுடைய இன்னொரு செயலியான சீக்-கில் கணக்கே தேவையில்லை, பிள்ளை தானாகவே கேமராவை நீட்டி என்ன பூச்சி என்று பார்க்கலாம். ஆனால் அதில் பார்ப்பது தானாக ஆராய்ச்சித் தரவில் போய்ச் சேராது, வேண்டுமென்றால் நம் ஐநேச்சுரலிஸ்ட் கணக்கோடு இணைத்துத்தான் அனுப்ப வேண்டும். ஜூனிவர்ஸ் தளமும் எங்கள் வீட்டில் பிடித்துப்போனது. 2007-ல் விண்மீன் மண்டலங்களை வடிவம் பார்த்துப் பிரிக்கிற கேலக்ஸி ஜூவாகத் தொடங்கி வளர்ந்த தளம் அது. காட்டில் வைத்த தானியங்கி கேமராக்கள் எடுத்த படங்களைக் காட்டி இதில் என்ன விலங்கு என்று கேட்கும். ஒரே படத்தைப் பல பேருக்குக் காட்டி, எல்லாருடைய பதிலையும் சேர்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள், அதனால் நம் வீட்டுப் பொடிசு மானை மாடு என்று அடித்துச் சொன்னாலும் ஆராய்ச்சி கவிழ்ந்துவிடாது. எனக்கு அந்த ஏற்பாடே மனதுக்கு நிம்மதி. திரை நேரம் கூடுகிறதே என்றால், ஆமாம், கூடுகிறதுதான்.

முதியோர் இல்லம் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். போகலாம், நல்ல இடம், ஆனால் இரண்டு விஷயம். மூக்கு ஒழுகினால் அன்றைக்குப் போகவே கூடாது. நம் பிள்ளைக்குச் சாதாரணச் சளியாக இருப்பது எண்பது வயதுக்காரரை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் படுக்க வைக்கும். இன்னொன்று, பிள்ளைகளை நடு ஹாலில் நிறுத்தி "ரைம்ஸ் சொல்லு, தாத்தா பாட்டிக்கு டான்ஸ் ஆடிக் காட்டு" என்று கச்சேரி வைக்காதீர்கள், பாவம் இரண்டு பக்கமும் நெளியும். படம் வரைய ஒரு தாள், கொஞ்சம் கலர் பென்சில், அல்லது ஒரு சீட்டுக்கட்டு எடுத்துக்கொண்டு போய் ஒரே ஒருவர் பக்கத்தில் உட்கார வையுங்கள். பேச்சு தானாக வரும், வராவிட்டாலும் படம் வரைந்து முடித்திருப்பார்கள். முக்கால் மணி நேரம் தாராளம். திரும்பத் திரும்ப அதே இடத்துக்கே போவது, இடம் இடமாக ஒருமுறை எட்டிப் பார்ப்பதைவிட அவர்களுக்கு எவ்வளவோ மேல்.

குழந்தைகள் காப்பகத்துக்கு மட்டும் நான் என் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவதில்லை. சிலருக்கு இது கோபம் வரவைக்கும் என்று தெரியும். உலக அளவில் காப்பகங்களில் இருக்கும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள், ஐந்தில் நாலு பேருக்கு என்று சேவ் தி சில்ட்ரன் போன்ற அமைப்புகள் சொல்கின்றன. அந்தப் பிள்ளைகள் முன்னால் வாராவாரம் புதுப்புது அப்பா அம்மாக்கள் தங்கள் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து, கொஞ்சிவிட்டு, பை நிறையச் சாமான் கொடுத்துவிட்டு, அதே கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பிப் போவது எப்படி இருக்கும்? "பார், உனக்கு எவ்வளவு இருக்கு" என்று நம் பிள்ளைக்குப் பாடம் எடுக்க இன்னொரு பிள்ளை கரும்பலகையா? உதவ வேண்டும் என்றால் பெரியவர்கள் தனியாகப் போய் என்ன தேவை என்று கேட்டுச் செய்யலாம்.

விலங்குகள் காப்பகத்தில் நாய்க் கூண்டுக்குள் சின்னப் பிள்ளைகளை விடமாட்டார்கள், விடவும் கூடாது. ஆனால் பழைய துண்டு, போர்வை சேர்த்து மடித்துக் கொடுக்கிற வேலை எங்கும் இருக்கும். வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளைக் கூண்டுக்கு வெளியே உட்கார வைத்துக் கதை வாசிக்கச் சொல்லும் காப்பகங்களும் உண்டு, நாய் குறுக்கே பேசாது, எழுத்துக்கூட்டிப் படித்தால் சிரிக்காது. நூலகங்களில் புத்தகத்தைத் துடைத்து அடுக்கவும், அட்டை ஒட்டவும் ஆள் கேட்பார்கள். வீட்டுக்கே வேலை வாங்கி வருவதும் நல்ல வழி, வாழ்த்து அட்டை செய்வது, சோப்பு, பல்பொடி எல்லாம் சேர்த்துப் பையில் போட்டுக் கட்டுவது மாதிரி. ஒன்றே ஒன்று, அட்டை உங்களுக்கு நிஜமாகவே வேண்டுமா என்று முதலில் கேளுங்கள். வேண்டாத அட்டைகளை நூற்றுக்கணக்கில் வாங்கி வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று முழிக்கிற இடங்களும் உண்டு.

சரி, எப்படிக் கேட்பது? "குழந்தைகள் வரலாமா?" என்று மொட்டையாகக் கேட்டால் முடியாது என்று சொல்வதுதான் எவருக்கும் சுலபம். நான் இப்படிக் கேட்பேன்: "நாங்க பெரியவங்க ரெண்டு பேர், கூட நாலு வயசும் ஏழு வயசும். ஒருத்தர் எப்பவும் பிள்ளைங்க பக்கத்திலேயே இருப்போம். ஒன்றரை மணி நேரம் இருக்க முடியும், நடுவுல கிளம்ப வேண்டி வந்தா உங்களுக்குச் சிக்கல் இல்லாத வேலை எது இருக்கு?" இப்படிக் கேட்கும்போது அவர் வயதை விட்டுவிட்டு வேலைகளை யோசிக்க ஆரம்பித்துவிடுகிறார். "அப்படின்னா சனிக்கிழமை காலையில வாங்க, மண்ணு ரொப்புற வேலை இருக்கு" என்று பதில் வந்தது அப்படித்தான். இரண்டு பேர் வேலையை நாலு பேர் கணக்கில் காட்டாதீர்கள். சின்னக் குழந்தையோடு போகிற பெற்றோர் அரை ஆள்தான், அதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவரும் அதற்கேற்ப ஆள் போட்டுக்கொள்வார்.

கூடவே கழிப்பறை எவ்வளவு தூரம், நிழல் இருக்கா, ரோடு பக்கத்திலா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். போட்டோ விஷயத்தையும் அப்போதே பேசிவிட வேண்டும். கையில் செடியோடு நிற்கிற குழந்தையின் படம் எந்த அமைப்புக்கும் அல்வா மாதிரி, மறுநாளே முகநூலில் ஏறிவிடும். வேண்டாம் என்றால் முகம் தெரியாமல் போடுங்கள் என்று முதலிலேயே சொல்லலாம், சங்கடப்படத் தேவையில்லை.

பிள்ளைகளை எப்படிக் கிளப்புவது என்று ஒரு நண்பர் கேட்டார், முடித்ததும் பொம்மை வாங்கித் தருவதாகச் சொல்லலாமா என்று. வேண்டாம் என்பேன். பெலிக்ஸ் வார்னகன், மைக்கேல் டொமசெல்லோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2006-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள்: துணி மாட்டிக்கொண்டிருப்பவர் கிளிப்பைத் தவறவிட்டு எட்டாமல் தவித்தால், ஒன்றரை வயதுக் குழந்தைகள்கூட யாரும் கேட்காமல் எடுத்துக் கொடுத்தன. 2008-ல் செய்த அடுத்த சோதனையில், உதவியதற்குப் பரிசு வாங்கிப் பழகிய இருபது மாதக் குழந்தைகள் பிறகு உதவுவது குறைந்துபோனது. அந்த ஆர்வம் பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருக்கிறது, நாம் விலை போட்டுத்தான் கெடுக்கிறோம். சான்றிதழ்களிலும் எனக்கு இதே எரிச்சல் உண்டு, ஐந்து வயசுக்குச் சான்றிதழை வைத்து என்ன வேலைக்கு மனு போடப் போகிறது?

இன்னொரு குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டு போவது நல்லது. பெரியவர்கள் முறை வைத்துக்கொள்ளலாம், இரண்டு பேர் வேலை பார்க்கும்போது மற்ற இருவர் பிள்ளைகளோடு, பிறகு மாற்றிக்கொள்ளலாம். பிள்ளைகளுக்கும் கூட்டு கிடைத்தால் அலுப்பு தெரிவதில்லை. கிளம்புகிற அன்று காலையில் காய்ச்சல் அடிப்பது இந்த வயதில் வாடிக்கை என்பதால், முன்பதிவு கட்டாயம் இல்லாத, வந்தால் வரலாம் என்கிற மாதிரி வேலைகளை முதலில் எடுங்கள். பெயர் கொடுத்துவிட்டுப் போக முடியாமல் போனால் கண்டதும் ஒரு வாட்ஸ்அப் தட்டிவிடுங்கள், விளக்கமெல்லாம் வேண்டாம், "சின்னவனுக்குக் காய்ச்சல், இன்னைக்கு வரல, அடுத்த சனிக்கிழமை வர்றோம்" என்றால் போதும்.