வலதுசாரி ஆகிவிட்ட என் ஸ்விஃப்ட்

நம் ஊரில் கார் இடப்பக்கம் லேசாக ஒதுங்கினால் யாரும் கண்டுகொள்வதில்லை, ஏனென்றால் மழைத்தண்ணி வடிய ரோட்டையே நூற்றுக்கு 2, 2.5 என்ற கணக்கில் ஓரத்துக்குச் சரித்துத்தான் போடுகிறார்கள், ஸ்டியரிங்கைத் தளர்த்திப் பிடித்தால் வண்டி இடது ஓரத்துக்குப் போவதுதான் இயல்பு. என் பழைய ஸ்விஃப்ட் வலப்பக்கம் போனது. அந்தச் சரிவையும் எதிர்த்து மேடேறி, நேராக சென்டர் மீடியனைப் பார்த்து. அதுவும் புது ஸ்பிரிங், கேஸ் ஷாக் அப்சார்பர் என்று நாலு சக்கரத்துக்கும் மாட்டி, பர்ஸைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் பட்டறையை விட்டு வெளியே வந்த அன்றைக்கே.

"புது சஸ்பென்ஷன் சார், கொஞ்சம் ஓடினா செட் ஆயிடும்" என்றார் பட்டறைக்காரர். புது ஸ்பிரிங் ஓட ஓடக் கொஞ்சம் உட்காரும், வாஸ்தவம்தான். ஆனால் உட்கார்ந்தால் இரண்டு பக்கமும்தானே உட்காரும்?

வீட்டில் சொன்னேன். மனைவி கொஞ்சமும் யோசிக்காமல், "ஏங்க, நீங்க உட்கார்ற பக்கம்தானே இழுக்குது?" என்றாள். கோபம் வந்தாலும் கேள்வியில் நியாயம் இருந்தது. வண்டி ஒரு பக்கம் இறங்கினால் சக்கரத்தின் கோணம் மாறத்தான் செய்யும். அந்த நேரம் பார்த்து உடுமலையிலிருந்து மாமனார் வந்திருந்தார், என்னைவிட நல்ல கனமான மனிதர். "மாமா, சும்மா ஒரு ரவுண்டு போலாம், வாங்க" என்று இடது சீட்டில் ஏற்றிக்கொண்டு பொள்ளாச்சி ரோட்டில் ஈச்சனாரி தாண்டிப் பிடித்தேன். அவரை எடைக்கல்லாகக் கூட்டிப்போகிறேன் என்று அவருக்குச் சொல்லவில்லை, பாதி வழியில் அவரே கண்டுபிடித்துவிட்டார். வண்டி அப்போதும் வலப்பக்கம்தான் போனது. "மாப்பிள்ளை, நானே உட்கார்ந்தும் சரியாகலீனா இது வெயிட்டு சமாச்சாரம் இல்லீங்க" என்று தீர்ப்புச் சொன்னார்.

கிணத்துக்கடவு பக்கம் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். பிரேக் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டிருந்தாலும் வண்டி அந்தப் பக்கம் இழுக்கும், அதனால் நிறுத்தும்போது பிரேக்கை அழுத்தாமல் மெதுவாக உருட்டிக்கொண்டு வந்து, இறங்கியதும் முன் சக்கரங்களின் ரிம்மை ஒவ்வொன்றாகப் புறங்கையால் தொட்டுப் பார்த்தேன். மாமனாரும் பின்னாலேயே வந்து தொட்டுப் பார்த்தார். டீ மாஸ்டர் கரண்டியை அந்தரத்தில் நிறுத்திவிட்டு, "காய்ச்சலுங்களா?" என்றார். இரண்டு ரிம்மும் ஒரே மாதிரி வெதுவெதுப்பு. ஆக, பிரேக் இல்லை.

அடுத்து டயர். ரேடியல் டயரின் உள்ளே சுற்றியிருக்கும் பெல்ட் என்கிற கம்பிப் பட்டை ஒரு மயிரிழை விலகியிருந்தாலும் அது ஒரு பக்கமாகவே உருளப் பார்க்கும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பஞ்சர் கடையில் காற்றைச் சரிபார்த்துவிட்டு, முன் டயர் இரண்டையும் இடம் வலம் மாற்றச் சொன்னேன் (என் டயரில் சுற்றும் திசைக்கான அம்புக்குறி கிடையாது, இருந்தால் இப்படி மாற்றக் கூடாது). குற்றவாளி டயராக இருந்திருந்தால் இழுப்பு இடப்பக்கம் மாறியிருக்க வேண்டும். ம்ஹூம்.

பிறகு ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்து தூண் மாதிரி நிற்கிற பாகம், அதன் மேலே இருக்கும் பேரிங் மேல் சந்தேகம். அது இறுகிப் பிடித்தால் வலது திருப்பம் முடிந்ததும் வலப்பக்கமும், இடது திருப்பம் முடிந்ததும் இடப்பக்கமும் இழுக்கும், அதாவது கடைசியாகத் திரும்பிய பக்கம். என் வண்டிக்கு அந்தச் சபலமெல்லாம் இல்லை, எந்தப் பக்கம் திருப்பினாலும் வலதுதான்.

இதற்கெல்லாம் முன்னாலேயே அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணங்களை அளந்து சரிசெய்வது) பார்த்தாயிற்று என்பதுதான் கொடுமை. திரும்ப அதே கடைக்குப் போனேன். கம்ப்யூட்டர் சீட்டை நீட்டி, "பாருங்க சார், எல்லாம் பச்சை" என்றார் அந்தத் தம்பி. சீட்டு மடித்திருந்தது. விரித்தால் மேல் பாதியில் ஒரு வரி ரத்தச் சிவப்பு: கேம்பர், இடது மைனஸ் 1 டிகிரி 10 நிமிடம், வலது மைனஸ் 10 நிமிடம் (ஒரு டிகிரிக்கு 60 நிமிடம்).

"இது என்னங்க தம்பி?"

"அது கேம்பர் சார். இந்த வண்டில அதுக்கு அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது. டோ மட்டும்தான்."

அதற்காக மடித்து வைத்துவிட்டால் சிவப்பு பச்சையாகிவிடுமா? டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளே பார்க்கின்றனவா வெளியே பார்க்கின்றனவா என்பது, முன்பக்கம் கொஞ்சம் தப்பாக இருந்தால் ஸ்டியரிங் கோணலாக நிற்கும், டயர் தேயும், ஆனால் ஓடும்போது இரண்டு சக்கரமும் அந்தத் தப்பைச் சமமாகப் பங்கு போட்டுக்கொள்வதால் இப்படி இழுக்காது. கேம்பர் அப்படியல்ல. சக்கரத்தின் தலை உள்ளேயோ வெளியேயோ எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்ற கணக்கு அது, மைனஸ் என்றால் உள்ளே. தாழ்வான ஸ்பிரிங் போட்டால் இரண்டு பக்கமும் கூடுதலாகச் சாயும், அதில் பிரச்சினை இல்லை. ஒரு பக்கம் அதிகம், மறுபக்கம் கம்மி என்றால்தான் வம்பு, குறைவாகச் சாய்ந்த பக்கம் வண்டி போகும். அரை டிகிரி வித்தியாசமே கையில் தெரியும், என்னுடையது முழுசாக ஒரு டிகிரி.

கம்பெனி கணக்கில் அட்ஜஸ்ட்மென்ட் இல்லைதான். ஆனால் ஸ்ட்ரட்டின் கீழ் முனை, சக்கரத்தைத் தாங்கும் நக்கிளோடு சேருகிற இடத்தில் இரண்டு போல்ட், அந்த ஓட்டைகளில் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். பட்டறையில் மாட்டியபோது ஒரு பக்கம் உள்ளே தள்ளி முறுக்கியிருக்கிறார்கள், மறுபக்கம் தொங்கியபடியே. பட்டறைக்காரரிடம் சீட்டை விரித்தே காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை, பையனைக் கூப்பிட்டு ஜாக்கி போடச் சொன்னார். வலது சக்கரத்தின் தலையை இரண்டு கையாலும் எஞ்சின் பக்கம் அழுத்திப் பிடித்துக்கொண்டு முறுக்கினார்கள், இடதை வெளியே இழுத்துப் பிடித்து முறுக்கினார்கள். லோயர் ஆர்ம், அதாவது சக்கரத்தைக் கீழே வண்டியோடு இணைக்கும் கை, அதன் ரப்பர் புஷ் போல்ட்டையும் தளர்த்தி, வண்டி தரையில் நின்றபடி மறுபடி இறுக்கச் சொன்னேன், அந்தரத்தில் இறுக்கினால் புஷ் முறுக்கிக்கொண்டே கிடக்கும். கேம்பரைத் தொட்டால் டோவும் கலையும் என்பதால் மீண்டும் அதே அலைன்மென்ட் கடை. தம்பி இம்முறை சீட்டை மடிக்காமலே கொடுத்தார்.

மறுபடி பொள்ளாச்சி ரோடு, இடது சீட்டில் மாமனார். ஸ்டியரிங்கை விரல் நுனியில் பிடித்தேன். கொஞ்ச தூரம் கோடு போட்டதுபோல் நேராகப் போன வண்டி, ரோட்டின் சரிவுக்கு இணங்கி மெதுவாக, மிக மெதுவாக இடப்பக்கம் ஒதுங்கியது. எனக்கு உச்சி குளிர்ந்தது. மாமனார் ஜன்னல் வழியாக ரோட்டோரத்தை ஒருமுறை பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இப்ப இந்தப் பக்கம் போகுதுங்களே மாப்பிள்ளை, நான் வேணா பின் சீட்டுக்குப் போயிரட்டுங்களா?"