குடம் தூக்காத மூன்று மாதம்

குந்தி உட்கார்ந்து துணி துவைத்துவிட்டு எழுந்தபோதுதான் முதலில் தட்டுப்பட்டது. கோழிமுட்டை அளவில் ஏதோ கீழே இறங்கி நின்றது. படுத்தால் உள்ளே போய்விடும். அதுதான் போய்விடுகிறதே என்று ஆறு வருடம் ஒருவரிடமும் சொல்லாமல் ஓட்டினேன். பஸ் பயணம் என்றாலே நான் நழுவுவதைக் கவனித்த மகள்தான் துருவித் துருவிக் கேட்டு விஷயத்தை வாங்கினாள்.

டாக்டர் இருமச் சொன்னார், முக்கச் சொன்னார். கர்ப்பப்பை இறக்கம், மூன்றாம் நிலை. மூத்திரப்பையும் சேர்ந்து இறங்கியிருக்கிறது என்றார். எத்தனை முறை போய்வந்தாலும் மிச்சம் இருப்பதுபோலவே இருந்ததற்குக் காரணம் அதுதான். முதலில் உள்ளே தாங்கிப் பிடிக்க சிலிக்கோன் வளையம் வைத்தார்கள். பலருக்கு அதுவே போதுமாம். எனக்கு நிற்கவில்லை. இரண்டாம் முறையும் கழிப்பறையில் விழுந்தபோது அறுவைக்குச் சம்மதித்தேன். இறங்கியதைத் தாங்க செயற்கை வலை வைத்துத் தைப்பார்களோ என்று மகள் பயந்தாள். இறக்கத்துக்காகப் பிறப்புறுப்பு வழியாக வைக்கும் வலைகளின் விற்பனையை 2019இல் அமெரிக்காவில் நிறுத்தச் சொன்னதைப் படித்திருந்தாள். "வலை கிடையாது. உங்கள் சொந்தத் தசையையே இழுத்துத் தைக்கப் போகிறோம்" என்றார் டாக்டர்.

அறுவையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முதுகில் ஊசி, இடுப்புக்குக் கீழே மரத்துப்போனது. வயிற்றைக் கீறாமல் கீழ்வழியாகவே கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள்.

என்னை அழவைத்தது மூத்திரம் வடிய அவர்கள் போட்டிருந்த குழாய். இரண்டாம் நாள் அதை எடுத்துவிட்டு, போவதையெல்லாம் அளவுக் குவளையில் பிடிக்கச் சொன்னார்கள். 80 மில்லி வந்தது. ஸ்கேனில் பார்த்தால் உள்ளே இன்னும் 300. மறுபடியும் குழாய். ஒரு வாரம் மூத்திரம் சேரும் அந்தப் பையைத் துணிப்பைக்குள் மறைத்துக்கொண்டு வீட்டில் நடமாடினேன். அடுத்த முறை 250 வந்தது, மிச்சம் வெறும் 40. பத்தாம் வகுப்பில் தேறியபோதுகூட நான் அவ்வளவு மகிழவில்லை.

வலி எதிர்பார்த்த இடத்தில் இல்லை. கர்ப்பப்பையை எடுத்தபின் பிறப்புறுப்பின் மேல்முனை மறுபடி இறங்காதிருக்க வலதுபக்கத் தசைநாரில் கட்டியிருந்தார்களாம். ஐந்து வாரம் வலது புட்டத்தில்தான் குடைந்தது. நான்காம் வாரம் ஒரு நூல்துண்டு வெளியே வந்ததும் தையல் பிரிந்துவிட்டது என்று அலறினேன். தானாகக் கரையும் நூல், அப்படித்தான் உதிருமாம். இதை முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

முக்கக் கூடாது என்பதால் இரவில் மலமிளக்கி மருந்து. மூன்று மாதம் கனமான எதையும் தூக்கக் கூடாது. 15 லிட்டர் குடம் என்றால் 15 கிலோ என்று அதுவரை நான் கணக்குப் போட்டதே இல்லை. என் வீட்டுக்காரர் முதல்நாள் இரண்டு குடம் சுமந்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தவர், வெகுநேரம் பேசவில்லை.

இப்போது ஐந்தாம் மாதம். குழாயடிக்குச் சின்ன வாளியோடுதான் போகிறேன். "என்ன அக்கா, குடம் எங்கே?" என்று பக்கத்துத் தெருப் பெண் கேட்டாள். மறைக்காமல் சொன்னேன். சற்று நேரம் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தவள், குரலைத் தாழ்த்தி, "எந்த டாக்டர் அக்கா?" என்றாள்.