கடை அட்டையின் பில்லை எந்த வழியில், எத்தனை நாள் முன்னால் கட்டுவது

அமெரிக்காவில் மேசிஸ் கடையின் பெயரில் வரும் கடன் அட்டையில் துணிமணி வாங்குகிறவர்களில் பலர், தாங்கள் மேசிஸுக்குக் கடன்பட்டிருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் அந்தக் கடன் சிட்டிபேங்குக்கு உரியது. மேசிஸின் தாய் நிறுவனம் தன்னுடைய அட்டைக் கணக்குகளைச் சிட்டி குழுமத்துக்கு விற்க 2005ஆம் ஆண்டிலேயே உடன்பட்டுவிட்டது. அமெரிக்காவின் மற்ற டிபார்ட்மென்ட் ஸ்டோர்களும் பெரும்பாலும் இப்படித்தான். கோல்ஸ் அட்டையை வழங்குவது கேபிடல் ஒன், ஜேசிபென்னி அட்டையை வழங்குவது சின்க்ரனி, நார்ட்ஸ்ட்ராம் அட்டையை வழங்குவது டிடி பேங்க். படிக்கவும் வேலை பார்க்கவும் இந்த நாட்டுக்குப் புதிதாக வருகிற நம்மவர்கள் பலருக்கு, கல்லாவில் நிற்கும்போது தள்ளுபடியோடு சேர்த்து நீட்டப்படும் இந்தக் கடை அட்டைதான் முதல் கடன் அட்டையாகவும் அமைந்துவிடுகிறது. வாங்குவது எப்படி என்று சொல்லித்தர அங்கே ஆள் இருக்கிறது. கட்டுவது எப்படி என்பதைப் பொறுமையாக உட்கார வைத்துச் சொல்ல ஆள் இல்லை. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

பணத்தை எந்த வழியில் அனுப்புகிறோம் என்பதைவிட, அந்த வழியில் அது எந்த நாளில் வரவாகக் கணக்கில் ஏறும் என்பதே முக்கியம். கெடு தேதிக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று பார்த்த பிறகே வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த விஷயத்தில் 2009ஆம் ஆண்டின் கடன் அட்டைச் சட்டம் நமக்குப் பெரிய துணை. அதன்படி கெடு தேதி மாதாமாதம் ஒரே தேதியாக இருக்க வேண்டும்; அந்தத் தேதிக்குக் குறைந்தது 21 நாள் முன்னதாக பில் அனுப்பப்பட வேண்டும்; கெடு நாளன்று மாலை 5 மணிக்கு முன்பே கதவைச் சாத்தி, அதற்குப் பிறகு வந்த பணத்தைத் தாமதம் என்று சொல்ல வங்கிக்கு உரிமை கிடையாது. அந்த 5 மணி, பணம் பெறும் மையம் இருக்கிற ஊரின் 5 மணி என்பதைக் கலிபோர்னியாவில் இருப்பவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். மையம் கிழக்குக் கரையில் இருந்தால், உங்கள் கடிகாரத்தில் பிற்பகல் 2 மணிக்கே நேரம் முடிந்துவிடலாம். நள்ளிரவு வரை ஏற்றுக்கொள்ளும் வங்கிகளும் உண்டு என்றாலும், அது அவர்களாகக் கொடுக்கும் சலுகைதான்.

தபாலில் காசோலை அனுப்புவதுதான் பழைய வழி. இன்னும் அதைக் கைவிடாத பெரியவர்களை எனக்குத் தெரியும். பில்லின் அடிப்பகுதியில் துளைக்கோடு போட்ட ஒரு துண்டுச்சீட்டு இருக்கும். அதைக் கிழித்து, கட்டும் தொகையைக் கட்டங்களில் எழுதி, கூடவே வரும் சன்னல் வைத்த உறையில் முகவரி வெளியே தெரியும்படி வைக்க வேண்டும். காசோலையின் குறிப்பு வரியில் கணக்கு எண்ணை எழுத வேண்டும். சீட்டோடு காசோலையைப் பின் அடித்து இணைக்கக் கூடாது, ஏனென்றால் அங்கே உறையைப் பிரிப்பதும் படிப்பதும் இயந்திரம். புகார் எழுதும் முகவரி ஒன்று, பணம் அனுப்பும் முகவரி வேறொன்று. இரண்டும் ஒரே பில்லில் அச்சாகியிருப்பதால் அவசரத்தில் மாறிப்போவது எளிது. பில்லில் சொன்ன முறைப்படி வராத பணத்தை வங்கி ஏற்றுக்கொண்டால், கையில் கிடைத்த ஐந்து நாட்களுக்குள் வரவு வைத்தால் போதும் என்று விதி இடம் கொடுக்கிறது. ஆக, முகவரி மாறிய உறைக்கு, தபாலில் கழிந்த நாட்களோடு இந்த ஐந்து நாட்களும் சேர்ந்துவிடலாம். கெடு நாள் ஞாயிற்றுக்கிழமையிலோ அரசு விடுமுறையிலோ வந்து, அன்று வங்கி தபாலைப் பெறுவதில்லை என்றால், அடுத்த வேலைநாளில் தபாலில் கிடைக்கும் பணம் தாமதமாகாது. இணையம் வழியாகக் கட்டுகிறவர்கள் இந்தச் சலுகையைத் தங்களுக்கும் உண்டு என்று நம்பிவிடக் கூடாது. வங்கி அன்றைக்கு இணையத்தில் பணம் வாங்கிக்கொண்டிருந்தால், அன்றைக்கே கட்டியாக வேண்டும்.

உங்கள் சொந்த வங்கியின் தளத்தில் இருக்கும் பில் பே வசதி பார்ப்பதற்கு மின்னணுப் பரிமாற்றம் போலத் தோன்றும். ஆனால் பெறுபவரின் பெயர் அந்த வங்கியின் மின்னணுப் பட்டியலில் இல்லையென்றால், உங்கள் வங்கி ஒரு காகிதக் காசோலையை அச்சிட்டுத் தபாலில்தான் போடும். சேருவதற்கு ஒரு வாரம் கூட ஆகலாம். பணம் அனுப்ப ஒப்புதல் தரும் பக்கத்திலேயே சேரும் தேதி என்று ஒன்றைக் காட்டுவார்கள். அந்தத் தேதியைப் பார்க்காமல் பொத்தானை அழுத்தாதீர்கள். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கடைகள் அவ்வப்போது வங்கியை மாற்றிக்கொள்கின்றன. டில்லார்ட்ஸ் அட்டை 2024இல் வெல்ஸ் ஃபார்கோவிடமிருந்து சிட்டிபேங்குக்கு மாறியதை அந்தக் கடையின் வாடிக்கையாளர்கள் அறிவார்கள். இப்படி மாறும்போது கணக்கு எண்ணும் பணம் அனுப்பும் முகவரியும் மாறக்கூடும். உங்கள் பில் பே பட்டியலில் சேமித்து வைத்திருக்கும் பழைய முகவரியோ நீங்கள் கைவைக்கும் வரை அப்படியே கிடக்கும். கெடு நெருங்கிய நேரத்தில் இந்த வழியை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

கடையின் தளத்திலோ செயலியிலோ, அல்லது அட்டையை வழங்கிய வங்கியின் தளத்திலோ நுழைந்து நேரடியாகக் கட்டுவதே பெரும்பாலோருக்கு ஏற்றது. இதற்கு வேண்டியவை உங்கள் செக்கிங் கணக்கின், அதாவது அன்றாட வரவு செலவுக்கான வங்கிக் கணக்கின் எண்ணும், காசோலையின் கீழ் இடது மூலையில் அச்சாகியிருக்கும், வங்கியை அடையாளம் காட்டும் ஒன்பது இலக்க ரூட்டிங் எண்ணும் மட்டுமே. இரண்டையும் முதல் முறை தட்டச்சு செய்யும்போது ஒவ்வொரு இலக்கமாகச் சரிபார்க்க வேண்டும், ஏனென்றால் கணக்கு எண் தவறாக இருந்தாலும் அந்த நிமிடத்தில் தளம் நன்றி சொல்லி உறுதி எண்ணைக் கொடுத்துவிடும். பணம் திரும்பிவிட்ட செய்தி இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் வரும், திரும்பிய பணத்துக்கான கட்டணமும் பின்னாலேயே வரும். சின்க்ரனி போன்ற வங்கிகளில், கணக்கில் நுழையாமலே விருந்தினராகக் கட்டும் வசதியும் இருக்கிறது. கடவுச்சொல்லை மறந்துவிட்டுக் கெடு நாளன்று தவிப்பவர்களுக்கு அது நல்ல உதவி. தொலைபேசியிலும் கட்டலாம். தானியங்கிக் குரலிடம் கட்டுவதற்குத் தனிக் கட்டணம் வாங்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஆள் ஒருவர் பேசி அவசரமாகச் செலுத்திக் கொடுத்தால் மட்டும் வாங்கலாம், அதையும் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஒரு கடன் அட்டையின் பில்லை இன்னொரு கடன் அட்டையால் நேரடியாகக் கட்ட முடியாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், புதிதாக வந்தவர்கள் கேட்கிற முதல் கேள்விகளில் அதுவும் ஒன்று.

கடைக்கே போய்க் கல்லாவில் கட்டுவது கடை அட்டைகளுக்கே உரிய வழி. ஒரு வங்கியின் பொது அட்டைக்கு அருகில் கிளை இருந்தால்தான் உண்டு. இங்கே சேலை மடிப்பு வைப்பதுபோல் சட்டைகளை அடுக்கி வைத்திருக்கும் மேசைக்குப் பக்கத்திலேயே கடனைத் தீர்த்துவிட்டு வரலாம். இந்த ஊரில் பிள்ளைகளோடு வந்து தங்கியிருக்கும் பெரியவர்கள் சிலர், கையில் ரொக்கத்தைக் கொடுத்து ரசீதை வாங்கினால்தான் நிம்மதி என்கிறார்கள், அந்த நிம்மதியை நான் மதிக்கிறேன். அட்டையை நீட்டி, பில் கட்ட வந்திருக்கிறேன் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் கல்லாவில் நிற்பவர் நீங்கள் ஏதோ வாங்கப்போகிறீர்கள் என்று எண்ணிப் பொருளைக் கேட்பார். ரொக்கமாகவோ காசோலையாகவோ டெபிட் அட்டையாலோ கட்டலாம், எவற்றை ஏற்பார்கள் என்பது கடைக்குக் கடை மாறும். ரசீது வந்ததும் மூன்றைப் பார்க்க வேண்டும்: கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள், தொகை, தேதி. கடையில் மட்டும் செல்லும் அட்டை ஒன்றும், எங்கும் செல்லும் கூட்டு முத்திரை அட்டை ஒன்றுமாக ஒரே கடையின் பெயரில் இரண்டு வைத்திருப்பவர்கள் அந்த நான்கு இலக்கங்களைக் கட்டாயம் பார்க்க வேண்டும், ஏனென்றால் தவறான கணக்கில் ஏறிய பணம் சரியான கணக்கின் கெடுவைக் காப்பாற்றாது.

வங்கியின் கிளைக்குள் நேரில் கட்டிய பணத்தை அதே நாளின் வரவாகக் கொள்ள வேண்டும் என்று விதி சொல்கிறது. கடை என்பது வங்கியின் கிளை அல்ல. கல்லாவில் கட்டியது எந்த நாளின் வரவாகும் என்பதை அட்டையின் ஒப்பந்தமே தீர்மானிக்கிறது; ஆகவே கெடு நாளின் மாலையில் கடைக்கு ஓடுவதற்கு முன் அந்த வரியை ஒரு முறை படித்துவிடுவது நல்லது. கடைகளே குறைந்துகொண்டு வருகின்றன என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மேசிஸ் ஏறத்தாழ 150 கடைகளை மூடப்போவதாக 2024 பிப்ரவரியில் அறிவித்தது. போன்-டான் கடைகள் 2018இல் அடியோடு மூடப்பட்டன. கடை போய்விட்டாலும் கடன் வங்கியிடம் அப்படியே இருக்கும், பில்லும் வந்துகொண்டே இருக்கும்; நேரில் கட்டிப் பழகியவர்கள்தான் வேறு வழி தேட வேண்டியிருக்கும்.

என்னைக் கேட்டால், தானாகக் கட்டும் ஆட்டோபே முறையை ஒவ்வொருவரும் அமைத்துவிட வேண்டும் என்பேன், அதுவும் பில் தொகை முழுவதையும் எடுக்கும்படி. அமைக்கும் பக்கத்தில் வழக்கமாகக் குறைந்தபட்சத் தொகை, பில் தொகை, நீங்களே குறிக்கும் ஒரு தொகை என்று கேட்பார்கள். குறைந்தபட்சத்தைத் தேர்ந்தெடுத்தால் தாமதக் கட்டணம் வராது, ஆனால் மீதித் தொகைக்கு வட்டி ஓடும். கடை அட்டைகளின் ஆண்டு வட்டி பலவற்றில் 30 சதவீதத்தைத் தாண்டுகிறது. இது சாதாரண வங்கி அட்டைகளைவிடத் தெளிவாக அதிகம். ஒரு மாதம் முழுமையாகக் கட்டாமல் விட்டால், வட்டியில்லாத சலுகைக் காலமும் போய், அடுத்து வாங்கும் பொருளுக்கு வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஏறத் தொடங்கும். ஆட்டோபே அமைத்த மாதத்திலேயே அது செயல்படும் என்று எண்ணிவிடாதீர்கள், பல இடங்களில் அடுத்த பில்லிலிருந்துதான் தொடங்குகிறது. முதல் மாதத்தைக் கையால் கட்டிவிடுங்கள். பொங்கலுக்கோ கல்யாணத்துக்கோ ஊருக்குப் போய் ஒரு மாதம் தங்குகிறவர்களுக்கு இதைவிடப் பாதுகாப்பான ஏற்பாடு எனக்குத் தெரியாது. செக்கிங் கணக்கில் பணம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆட்டோபே இருந்தும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. மெத்தை, சோபா, நகை போன்ற பெரிய பொருட்களுக்குச் சில கடைகள், 12 மாதத்துக்குள் முழுவதும் கட்டினால் வட்டியே இல்லை என்று சொல்லும். இங்கே வட்டி தள்ளுபடி செய்யப்படுவதில்லை, ஒத்தி வைக்கப்படுகிறது. கடைசி நாளில் பத்து டாலர் பாக்கி இருந்தாலும், வாங்கிய முதல் நாளிலிருந்து சேர்ந்த வட்டி முழுவதும் ஒரே பில்லில் வந்து விழும். குறைந்தபட்சத் தொகையை மட்டும் மாதந்தோறும் கட்டிவந்தால் 12 மாதத்தில் கடன் தீரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. வாங்கிய அன்றே மொத்தத் தொகையைப் பதினொன்றால் வகுத்து, அதை ஆட்டோபேயில் நிலையான தொகையாகக் குறித்துவிட்டால் ஒரு மாதம் மிச்சம் இருக்கும்போதே கடன் முடிந்துவிடும். அதே அட்டையில் வேறு பொருட்களும் வாங்கினால் கணக்கு குழம்பும். குறைந்தபட்சத்துக்கு மேல் கட்டும் பணம் முதலில் அதிக வட்டி உள்ள பாக்கிக்கே போகும். சலுகை முடிவதற்கு முந்தைய இரண்டு பில்களில்தான் அது ஒத்திவைத்த பாக்கிக்கு முதலில் போக வேண்டும் என்று விதி. ஆகவே சோபா கடன் தீரும் வரை அந்த அட்டையில் சட்டை வாங்காமல் இருப்பது மேல்.

கெடு தவறிவிட்டாலும் மனம் தளர வேண்டியதில்லை. தாமதக் கட்டணம் அந்த மாதத்தின் குறைந்தபட்சத் தொகையைத் தாண்டக் கூடாது. முப்பது நாள் முழுவதும் கடந்தால்தான் தாமதம் உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் கிரெடிட் அறிக்கையில் பதிவாகும் வழக்கம் இருப்பதால், அன்றைக்கே கட்டிவிட்டு வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்துக் கட்டணத்தை நீக்கித் தருமாறு பணிவாகக் கேளுங்கள். இதுவரை ஒழுங்காகக் கட்டியவர்களுக்குப் பல நேரம் நீக்கித் தருகிறார்கள்.

வாங்கிய துணியைத் திருப்பிக் கொடுக்கிறவர்களுக்கும் ஒரு குறிப்பு. திருப்பியதால் அட்டையில் ஏறும் வரவை, பெரும்பாலான ஒப்பந்தங்கள் அந்த மாதக் குறைந்தபட்சத் தொகைக்கான கட்டணமாக எடுத்துக்கொள்வதில்லை. அதைத் தனியாகக் கட்டிவிடுங்கள். முழுவதும் கட்டிய பிறகு பொருளைத் திருப்பினால், கணக்கில் உங்கள் பணம் உபரியாக நிற்கும். அது ஒரு டாலருக்கு மேல் இருந்து நீங்கள் எழுத்தில் கேட்டால், வங்கி ஏழு வேலைநாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும். வேலை முடிந்தோ படிப்பு முடிந்தோ ஊர் திரும்புகிறவர்கள் அந்தக் கடிதத்தை, செக்கிங் கணக்கை மூடுவதற்கு முன்பே அனுப்பிவிட வேண்டும், ஏனென்றால் அமெரிக்க வங்கியின் காசோலையைச் சென்னையில் மாற்றுவதற்கு ஆகும் செலவும் காத்திருப்பும் பல நேரம் அந்தத் தொகைக்குத் தகுதியானவை அல்ல.