கடலுக்கு அந்தப் பக்கமும் இதே காற்றுதான்

பணகுடிப் பக்கம் காற்றாலையில் காத்தாடி வேலைக்கு வந்து 17 வருசம் ஆகிறது. ஆனி பிறந்தால் ஆரல்வாய்மொழிக் கணவாயில் புகுந்து வரும் காற்று ஆளையே தள்ளும். கொஞ்சம் தணிகிற நேரம் பார்த்துத்தான் மேலே ஏறுவோம். உச்சியில் நின்றால் ஒரு பக்கம் மகேந்திரகிரி, மறுபக்கம் கூடங்குளத்துக் கடல். இரும்பில் கை வைத்தால் அதிர்வு முழங்கை வரை ஏறும்.

இதே தென்மேற்குக் காற்றில்தான் இலங்கையின் மன்னாரில் 30 காத்தாடிகள் சுற்றுகின்றன. அந்தப் பண்ணைக்குப் பெயர் தம்பபவனி. இலங்கையின் பழம்பெயர் தம்பபண்ணி. நம் தாமிரபரணியும் அதே சொல்தான். படித்த அன்று எனக்கு உடம்பு சிலிர்த்தது.

2030க்குள் மின்சாரத்தில் 70 சதவீதத்தைப் புதுப்பிக்கத்தக்க வழியில் எடுப்போம் என்று இலங்கை சொல்லியிருக்கிறது. கார்பன் கணக்கைப் பூஜ்ஜியமாக்க அவர்கள் வைத்த ஆண்டு 2050, நேபாளம் 2045, நாம் 2070. வெளியுதவி கிடைத்தால் 2030லேயே முடிப்போம் என்கிறது மாலத்தீவு. எல்லாம் தனித்தனி வாக்குறுதி. சேர்ந்து உட்கார்ந்து பேச, தெற்காசிய நாடுகளின் சார்க் மாநாடு 2014 காட்மாண்டுக்குப் பிறகு கூடவே இல்லை. இது எனக்குப் பெரிய வருத்தம்.

ஆனால் 2024 நவம்பரில் நேபாளத்து மின்சாரம் 40 மெகாவாட் நம் கம்பி வழியாக வங்கதேசம் போனது. வடக்கே இது நடக்கிறது. தெற்கே, இலங்கைக்குக் கம்பி இழுக்கும் பேச்சு வருசக்கணக்காகப் பேச்சாகவே கிடக்கிறது. இங்கேயோ, நல்ல காற்று வீசும்போதே, மின்சாரம் மிஞ்சுகிறது என்று மிஷினை நிறுத்தச் சொல்லிப் போன் வரும். வீணாய்ப் போகிற காற்றைப் பார்த்துக்கொண்டு நிற்பது கொடுமை.

"அண்ணே, ரெண்டு பக்கமும் ஒரே நேரந்தானே காத்து அடிக்கு, கம்பி எதுக்கு?" என்று கூட வேலை பார்க்கும் தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. ஆனால் அங்கே நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரிகிறதே. நம்மிடம் மிஞ்சுவது போனால் அதில் கொஞ்சமாவது குறையும். அப்புறம், ஒரு தீவின் சின்ன மின்கட்டமைப்பு பெரியதோடு சேர்ந்தால் இன்னும் நிறைய காத்தாடிகளைத் தாங்கும்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் நெல்லை வண்ணார்பேட்டையில் அக்கா வீட்டு ஜன்னல் வரை தண்ணீர். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. சேறு வழித்த பிறகு, ஊறிப்போன ரேஷன் கார்டைத் தட்டில் விரித்து வெயிலில் வைத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள் அக்கா. 2070 என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தட்டு ஞாபகம் வருகிறது.

மன்னாரில் காத்தாடி ஏறுகிற யாராவது இதைப் படித்தால் எழுதுங்கள். உங்களுக்கும் நிறுத்தச் சொல்லிப் போன் வருகிறதா?