டேப்பை எடுக்கும் முன் ரத்தம் எடுத்த கதை

அண்ணன் மகளுக்கு ஆறு மாத ஊசி போடப் போன இடத்தில் தலையை அளந்து 38.1 செ.மீ. என்று எழுதிவிட்டார்கள். உலக சுகாதார நிறுவன அட்டவணைப்படி அந்த வயதுப் பெண் குழந்தைக்கு நடுவளவு 42.2. 39.6-க்குக் கீழே போனால் சிறிய தலை, 38.3-க்கும் கீழே என்றால் மிகச் சிறியது. போதாததற்கு அண்ணன் கட்டியது சொந்த அக்கா மகளை. இரண்டையும் கேட்டதும் வேலூரில் நேராக மரபணுப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதிவிட்டார்கள்.

பயத்தில் நியாயம் உண்டு. சொந்தத்தில் கட்டும்போது மூளை வளர்ச்சிக்கு வேண்டிய ஏஎஸ்பிஎம் போன்ற மரபணுவில் ஒரே பழுது தாய், தகப்பன் இருவரிடமும் இருக்க வாய்ப்பு அதிகம். இருந்துவிட்டால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. ஆனால் பிடித்த வரிசைதான் தப்பு.

முதல் தடவை குடியாத்தத்திலிருந்து விடிகாலை பஸ். அண்ணனுக்கு ஆம்பூர் ஷூ கம்பெனியில் லீவு இல்லை. பிரசவ டிஸ்சார்ஜ் சீட்டு பீரோவிலேயே கிடந்தது. தகப்பன் எங்கே, பிறந்தபோது தலை எவ்வளவு என்று ஒருவரும் கேட்கவில்லை. பணம் கட்டச் சொன்னார்கள், ரத்தம் எடுத்தார்கள். நாலு நாள் கழித்து போன்: "ட்யூப் மாறிடுச்சு, குழந்தையைத் திரும்பக் கூட்டிட்டு வாங்க."

டிஎன்ஏ பரிசோதனைக்கு ஊதா மூடி ட்யூப், அதாவது ரத்தம் உறையாமலிருக்க இடிடிஏ என்ற மருந்து போட்டது. எடுத்தது பச்சை மூடியில். அதில் உறையாமலிருக்கப் போடும் ஹெப்பாரின், டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்கும் பிசிஆரைக் கெடுத்துவிடும். குரோமோசோம் பார்க்கத்தான் பச்சை. ஊசி குத்தும் முன் மூடி நிறத்தைக் கேட்டுவிடுங்கள். முறைத்தால் முறைக்கட்டும்.

இரண்டாம் தடவை அண்ணனும் வந்தார், சீட்டும் வந்தது. அன்று இருந்த டாக்டரம்மா முதலில் கேட்டதே டேப்பைத்தான். அளந்தால் 39.2! ஒரு சென்டிமீட்டருக்கு மேல் எங்கே போனது? பழைய துணி டேப் இழுபட்டு நீண்டிருந்தால் அளவு குறைத்தே காட்டும். பின்மண்டையின் புடைப்பை விட்டு மேலே சுற்றினாலும் அப்படித்தான். முன்னால் புருவத்துக்குச் சற்று மேலே, பின்னால் மிகவும் புடைத்த இடம், நீளாத டேப், மூன்று முறை அளந்து அதில் பெரிய எண். குடுமி, கிளிப் இருந்தால் கழற்றிவிட வேண்டும்.

அப்புறம் அண்ணன், அண்ணி தலையையும் அளந்தார். 52.4, 51.5. பெரியவர்களுக்கு இது குறைவுதான். பிறந்தபோது குழந்தைக்கு 31.2. அட்டவணையில் புள்ளி வைத்துக் காட்டினார்: அன்றும் இன்றும் நடுக்கோட்டுக்குக் கீழே கிட்டத்தட்ட அதே தூரம், கோடு சரியவில்லை. எந்த மாதத்தில் குழந்தை எதைச் செய்ய வேண்டும் என்று பார்க்கும் திருவனந்தபுரம் வளர்ச்சி அட்டவணையில் குப்புற விழுவது, பொருளைக் கை மாற்றுவது எல்லாம் காலத்தோடு நடந்திருக்கிறது. குடும்பத் தலை இது, இப்போதைக்கு ரத்தம் வேண்டாம் என்றார். 9, 12 மாதத்தில் அதே டேப்பில் அளக்க வேண்டும். கோடு இறங்கினாலோ வளர்ச்சி பின்தங்கினாலோ அப்போது பரிசோதனை.

"தலை சின்னது, படிப்பு ஏறாது" என்று தெருவில் சொன்னவர்களுக்கு: 2012-இல் வெளியான ஆய்வில் குழந்தைத் தலைச் சுற்றளவோடு தொடர்புடையதாக 12-ஆம் குரோமோசோமில் இரண்டு இடங்கள் தெரியவந்தன. அதிலொன்று எச்எம்ஜிஏ2, உயரத்தோடும் தொடர்புள்ள மரபணு. ஒவ்வொன்றின் பங்கும் துளியூண்டு. தலை அளவுக்கும் பிற்கால அறிவுக்கும் கூட்டமாகப் பார்த்தால் லேசான தொடர்பு உண்டு. ஒரு குழந்தையைப் பார்த்து ஜோசியம் சொல்ல அது போதாது.

குறைமாதத்தில் பிறந்த குழந்தையானால், இரண்டு வயது வரை குறைந்த வாரங்களைக் கழித்துத்தான் அட்டவணையில் பார்க்க வேண்டும். இதை மறந்தால் வீண் பீதி.

கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்டோம். ஒரிஜினல் பில், டாக்டர் கையெழுத்து, லேப் கையெழுத்து மூன்றும் வேண்டுமாம். லேப் கையெழுத்து இன்னும் வரவில்லை.