நெருஞ்சி இருக்கும் இடங்கள்

9 ஜூன் 2024, சூரமங்கலம்

சேலம் நகருக்குள் சிறுநெருஞ்சி எங்கெங்கே பூக்கிறது என்று குறித்துவைக்கத் தொடங்கிய முதல் நாளே வீணாயிற்று. மதிய உணவுக்குப் பின் இரண்டு மணிக்குக் கிளம்பி, ரயில் சந்திப்பின் வெளிமதிலை ஒட்டி நடந்தேன். மஞ்சள் ஒரு பொட்டுகூடக் கண்ணில் படவில்லை. ‘வெறும் புழுதி’ என்று எழுதிக்கொண்டு வீடு திரும்பிச் செருப்பைக் கழற்றினால், அடியில் ஏழு முட்கள்.

10 ஜூன், அதே மதில், காலை 7.30

நேற்று வெறும் புழுதி என்று எழுதிய இடத்தில், நாற்பது அடி நீளத்துக்குள் 23 செடிகள் தரையோடு தரையாகப் படர்ந்து பூத்திருந்தன. காலையில் விரியும் ஐந்து இதழ்களும் பிற்பகலுக்குள் உதிர்ந்துவிடும் என்பது எனக்குத் தெரியாததல்ல; தெரிந்தும் வெயிலில் போய் நின்றேன். இனி ஒவ்வொரு குறிப்பிலும் இடத்தோடு நேரத்தையும் எழுத வேண்டும்.

16 ஜூன், ஜாகீர் அம்மாபாளையம்

வெள்ளைக்கல் சுரங்கப் பக்கத்து மேய்ச்சல் நிலத்தில் பெரிய பூக்களைக் கண்டு மகிழ்ந்து எழுதிக்கொண்டிருந்தபோது, ஆடு மேய்த்த பாட்டி, “அது ஆனை நெருஞ்சி தம்பி, இலையைத் தண்ணியில அலசிப் பாரு” என்றார். புட்டியில் இட்டுக் குலுக்கியதும் நீர் வழவழவென்று கெட்டியாயிற்று. அது எள்ளின் குடும்பம். சிறுநெருஞ்சிக்கு உறவே இல்லை. இரண்டு வரிகளை அடித்தேன்.

23 ஜூன், மெய்யனூர்

காலி மனையின் நடுவில், பார்த்தீனியம் இடுப்பளவு வளர்ந்த இடத்தில், ஒரு செடியும் இல்லை. மனையைக் குறுக்கே கடக்கும் ஒற்றையடிப் பாதையின் இரு ஓரங்களிலும், சைக்கிள்கள் நிற்கும் டீக்கடை முன்னும் ஏராளம். நிழலில் இந்தப் படர்கொடி தாக்குப்பிடிக்காது என்பது ஒரு காரணம். முற்றிய காய் ஐந்து துண்டுகளாகப் பிளந்து, எப்படி விழுந்தாலும் ஒரு முள்ளாவது மேல்நோக்கி நிற்பதால், செருப்பும் டயரும் அதைச் சுமந்து செல்வது மற்றொன்று. என் செருப்பும் இந்த இரண்டு வாரமாக விதைத்துக்கொண்டுதான் இருந்திருக்கும். ஆகவே புதிய இடத்துக்குள் நுழையுமுன் முட்களைப் பிடுங்கிவிடுகிறேன்.

30 ஜூன், சூரமங்கலம், காலை 7.50

மதிலோரத்தில் பாதியளவுக்குச் சிமெண்ட் போட்டுவிட்டார்கள். 23 செடிகளில் 9 மிச்சம். ஒன்று மதிலுக்கும் புதுத் தளத்துக்கும் இடையிலுள்ள விரிசலில், நான்கு பூக்களோடு.